பெயரோடு ஒரு முகம்

புத்தளம், கற்பிட்டி, மதுரங்குளி, முந்தல், உடப்பு, சிலாபம் என்று இந்தக் கரையோரப் பாடசாலைகளில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கூட்டாளி ஒருவரை எதிரே கதிரையில் இருத்தி, நீர்வர்ணத்தில் அவருடைய முகத்தை வரையுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைய வேண்டாம், ஆளைப் பார்த்து வரையுங்கள். வரைந்து காய்ந்ததும் தாளைத் திருப்பி, பின்புறத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதி வையுங்கள். ஏன் இதைக் கேட்கிறேன், எப்படிச் செய்யலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சித்திரப் போட்டிகளுக்கு நீங்கள் அனுப்பும் படங்களை நான் தேடித் தேடிப் பார்ப்பவன். கடல், சாய்ந்த தென்னை, மறையும் சூரியன், ஒரு தோணி, தோணியில் ஒரு மீனவர். வர்ணம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மீனவருக்கு முகம் இருக்காது. ஒரு முதுகும் ஒரு தொப்பியும் கையில் ஒரு துடுப்பும் இருக்கும். அந்தப் படத்தை வரைந்த பிள்ளையின் வாப்பாவோ அப்பாவோ மாமாவோ அன்று காலையிலும் கடலுக்குப் போய் வந்திருப்பார். அவருடைய மூக்கு எப்படி, புருவம் எப்படி, சிரித்தால் எந்தக் கன்னம் முதலில் அசையும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த முகத்தை விட்டுவிட்டு ‘மீனவர்’ என்ற ஒன்றை வரைய எங்கே கற்றுக்கொண்டோம்?

வெகு காலமாகவே நம்மை அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியோடு வந்த எசாயஸ் பூர்சே என்ற ஓவியர் 1662 அளவில் கொழும்பில் இருந்தபோது தெருவில் கண்ட சாதாரண மக்களை வரைந்தார். அந்தச் சித்திரத் தொகுப்பு இன்று ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர், கோடுகளில் அன்பும் உண்டு. ஆனாலும் யாரை வரைந்தார் என்று நம்மால் கேட்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் வாழ்ந்த ஹிப்பொலிட் சில்வாஃப் நீர்வர்ணத்தில் இந்நாட்டு மக்களை நிறைய வரைந்தார். உடையும் தலைப்பாகையும் நகையும் நுணுக்கமாக இருக்கும், ஆளின் பெயர்தான் இருக்காது, இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ இருக்கும். கடலுக்கு அப்பால் தஞ்சாவூரிலும் இதே காலத்தில் இதே வேலை நடந்தது. ஒவ்வொரு சாதிக்கும் தொழிலுக்கும் ஒரு கணவன், ஒரு மனைவி என்று சோடி சோடியாக வரைந்து வெள்ளைக்கார அதிகாரிகளின் ஆல்பங்களுக்கு விற்றார்கள். அந்தச் சோடிகளுக்காக முன்னால் நின்றவர்கள் யாராவது இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இப்போது அந்த வேலையைக் கமெராக்கள் செய்கின்றன. கண்டக்குளிக்கு டொல்பின் பார்க்க வருகிறவர்களும், காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்களும் போகிற வழியில் கருவாடு காயப்போடும் ஒரு பெண்ணை, கரைவலை இழுக்கும் ஓர் ஆளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்களை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்! இணையத்தில் அவர்களுடைய முகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றின் கீழே ‘காப்பிரி’ என்ற சமூகப் பெயர் மட்டும் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவரை உங்களுக்குக் காட்ட வேண்டும். நம்மூர்க்காரர். சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். 1834இல் இலங்கையின் இடங்களையெல்லாம் அகரவரிசையில் விவரிக்கும் ஒரு பெரிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார், 1860இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு, 1859இல், ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலை அச்சிட்டார். தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதிய நூல் அது. ஏடுகளிலும் செவிவழிக் கதைகளிலும் சிதறிக் கிடந்த பெயர்களை இந்தக் கரையிலிருந்த ஒருவர் பிடித்து வைத்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவரும் சமூகங்களின் வழக்கங்களைப் பற்றி எழுதியவர்தான். ஆனால் புலவர்கள் என்று வந்ததும் கூட்டமாக எழுதாமல் ஆள் ஆளாக எழுதினார். ஆக, ஓவியர்கள் பெயரில்லாத முகங்களை விட்டுப் போனார்கள். காசிச்செட்டி முகமில்லாத பெயர்களை விட்டுப் போனார். இரண்டையும் ஒரே தாளில் சேர்ப்பதற்கு இந்தக் கரையில் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்களில் பலருடைய குடும்பங்களுக்கு இது வெறும் கலை விடயமும் அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் கடல்வழியாகத் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். கையில் எடுத்துவர அனுமதித்தது சொற்பம். கலியாணப் படமும், சுவரில் மாட்டியிருந்த மூத்தவாப்பாவின் படமும் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டன. வந்த இடத்தில் அவர்களை எடுத்த படங்களோ அட்டைக்கும் பதிவுக்கும் எடுத்தவை, அல்லது கிடுகுக் கொட்டிலின் முன்னால் வரிசையாக நிறுத்தி எடுத்தவை. ‘அகதி’ என்ற ஒரு சொல் ஒரு தலைமுறைக்கு மேல் அந்த முகங்களின் கீழே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

என் கூட்டாளி ஒருவர் அப்படிச் சிறு பிள்ளையாகத் தோணியில் வந்தவர். வளர்ந்த பிறகு பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் நெடுங்காலம் வேலை செய்தார். அவரை எங்கள் விறாந்தையில் இருத்தி வரைந்தேன். படம் காய்ந்த பின் அவருடைய ராத்தா வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றவர், “இது வாப்பாட தாடை” என்றார். அவர்களுடைய வாப்பாவின் படம் ஒன்றுகூட அந்தக் குடும்பத்தில் இல்லை. எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. மகனின் தாடையை ஒழுங்காகப் பார்த்து வரைந்ததில் அவர் தாளுக்குள் வந்திருந்தார். தொலைபேசிப் படங்கள் அந்த வீட்டில் ஆயிரம் இருந்தன. அவற்றில் ராத்தாவுக்கு அது தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏன் தென்படவில்லை என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். யாரையாவது இருத்தி வைத்தால் முதலில் அவர் படத்துக்கு வைக்கும் முகத்தைத்தான் வைப்பார். கழுத்தை நிமிர்த்தி, உதட்டை இறுக்கி, கண்ணை அகலத் திறந்து. கமெரா அதை எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் வரைந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அவருக்கு அலுக்கும். தோள் இறங்கும், நினைவு எங்கேயோ போகும், வாய் ஓரம் தளரும். அப்போது வருவதுதான் அவருடைய முகம். வீட்டார் அறிந்த முகமும் அதுதான். அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், வந்ததும் விடாமல் பார்க்க வேண்டும். அவரும் சும்மா இருக்க மாட்டார், உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரை ஒருவர் இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்க்க வேறு எங்கே சந்தர்ப்பம் கிடைக்கிறது?

இனி வேலைக்கு வருவோம்.

தாள் நல்லதாக இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வர்ணத் தாள் வாங்குங்கள். விலை கூட என்றால் ஒரு தாளை நாலாக வெட்டி நாலு கூட்டாளிகள் பங்கிடுங்கள். சாதாரணப் பயிற்சித்தாள் ஈரம் பட்டதும் நெளிந்து, வர்ணம் குழிகளில் தேங்கி, பிள்ளைக்கு வரையத் தெரியாது என்ற பொய்யைச் சொல்லும். வர்ணம் நாலு டியூப் போதும்: மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அலிசரின் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம். கறுப்பும் வெள்ளையும் வேண்டாம். வெள்ளைக்குத் தாள் இருக்கிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரினையும் கெட்டியாகக் கலந்தால் எந்த டியூப் கறுப்பையும்விட உயிருள்ள கறுப்பு வரும்.

நீர்வர்ணம் என்பது நிறத்தூளும் பிசினும்தான். கடையில் வாங்குவதில் அரபுப் பிசின் இருக்கும். கண்டிக் காலத்து விகாரை ஓவியர்கள் விளாம்பிசினில் நிறம் குழைத்தார்கள். நம் பற்றைக்காடுகளில் விளா மரத்துக்கா பஞ்சம்? ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து அந்தப் பிசினையும் காவி மண்ணையும் வைத்து ஒருநாள் வர்ணம் செய்து பாருங்கள். கையில் இருக்கும் பொருள் எதனால் ஆனது என்று தெரிந்தவருக்கு அதன்மேல் பயம் போய்விடும்.

தண்ணீர் விடயத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். களப்போரத்துக் கிணறுகளில் பல உவர். உவர்த் தண்ணீரில் கரைத்த வர்ணம் காயும்போது உப்பு பூத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும். குடிக்கிற தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ இரண்டு போத்தலில் எடுங்கள். ஒன்று தூரிகை கழுவ, மற்றது வர்ணம் கரைக்க. ஈர வர்ணத்தின்மேல் கல்லுப்பைத் தூவினால் நட்சத்திரம் போலக் கோலம் விழும் என்று பலருக்குத் தெரியும். புத்தளத்து உப்பு அதற்கு நன்றாகவே வேலை செய்யும். பின்புலத்தில் தூவிப் பாருங்கள், முகத்தில் வேண்டாம்.

தோலின் நிறம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச விரும்புகிறேன். உங்கள் மெழுகுப் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று ஓர் இளஞ்சிவப்புக் குச்சி இருந்தால் அதை நம்பாதீர்கள். அமெரிக்காவின் கிரயோலா கம்பனி அப்படி ஒரு குச்சியை வெகுகாலம் அந்தப் பெயரில் விற்று, 1962இல்தான் பெயரைப் பீச் பழ நிறம் என்று மாற்றியது. நம் கரையில் அந்த நிறத்தோல் யாருக்கும் இல்லை. அதற்காகக் கறுத்தவரை வரைய மண்ணிறத்தோடு கறுப்பைக் கலந்து பூசுவதும் பிழை, முகம் சேறாகிவிடும். கருந்தோலுக்குள் நிறங்கள் நிறைய உண்டு. காலை வெளிச்சத்தில் விறாந்தையில் இருப்பவரின் நெற்றியைப் பாருங்கள். மினுங்கும் இடம் வெள்ளையாக இராது, வானத்தின் நீலம் அங்கே படிந்திருக்கும். மூக்கு நுனியிலும் காதிலும் கன்னத்திலும் சிவப்பு கூடும். மழித்த தாடை நீலச் சாம்பலாக இருக்கும். நாடிக்குக் கீழே இருட்டு என்று நினைத்துக் கறுப்பைத் தீட்டப் போவீர்கள். நில்லுங்கள். நம் முற்றத்து மணல் வெயிலை மேலே எறிகிறது. நாடியின் அடிப்பக்கம் அந்த வெளிச்சத்தில் பொன்னாக இருக்கும். இந்தக் கரையில் பிறந்த முகத்துக்கு இந்தக் கரையே கீழிருந்து விளக்குப் பிடிக்கிறது. வேறு ஊர்ப் புத்தகங்களில் இதை நீங்கள் படிக்க முடியாது, பார்த்துத்தான் தெரியும்.

என் கூட்டாளியின் கண்ணோரச் சுருக்கங்களில் இதைவிடப் பெரிய பாடம் இருந்தது. உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே வேலை செய்தவர். அந்த மடிப்புகளுக்குள் வெயில் போகவில்லை. அவர் ஓய்வாக இருக்கும்போது மடிப்பு விரிய, உள்ளே வெளிர்க் கோடுகள் தெரிந்தன. சுருக்கம் என்றால் கருங்கோடு என்று கை பழகியிருக்கும். அவர் முகத்தில் அது வெளிச்சமான கோடு. தொழில் ஒருவருடைய முகத்தில் எப்படி எழுதப்படுகிறது என்பதை அங்கே கண்டேன். ‘உப்பளத் தொழிலாளி’ என்று தலைப்பு வைக்காமலே அது படத்தில் இருக்கிறது.

வரையும் ஒழுங்கு இப்படி. பென்சிலால் மிகக் குறைவாகக் குறியுங்கள். தலையின் உச்சிக்கும் நாடிக்கும் நடுவிலே கண் இருக்கிறது. அநேகமான பிள்ளைகள் அதை மேலே ஏற்றி நெற்றியைத் தின்றுவிடுகிறார்கள். பிறகு ஓக்கரும் கொஞ்சம் சியன்னாவும் கலந்த வெளிர்ப் பூச்சை முகம், காது, கழுத்து எங்கும் ஓட்டுங்கள். மினுங்கும் இடங்களில் மட்டும் தாளை விடுங்கள். காயவிடுங்கள். அடுத்து நிழல். கண்ணை அரைவாசி மூடிப் பாருங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், மேலுதடு, நாடியின் கீழ், கழுத்து எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே நிழலாகத் தெரியும். அதை ஒரே மூச்சில், ஒரே ஈரத்தில் வரையுங்கள். கண்ணைத் தனியாக, மூக்கைத் தனியாக, வாயைத் தனியாக வரைந்து சேர்த்தால் ஆள் வரமாட்டார். சியன்னாவும் நீலமும் தாளிலேயே சந்திக்கட்டும், தட்டில் போட்டு அதிகம் கலக்காதீர்கள். நிழலின் ஒரு ஓரம் கூராக நிற்கட்டும். கன்னத்துப் பக்க ஓரத்தைச் சுத்தமான ஈரத்தூரிகையால் தொட்டுக் கரையவிடுங்கள். அதன் பின் கையை எடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் திரும்பத் தொட்டால் தண்ணீர் வர்ணத்தைத் தள்ளி ஓரம் கட்டிவிடும். கடைசியாகக் கண்மணி, மூக்குத்துவாரம், உதடுகள் சேரும் கோடு, முடி. பற்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைய வேண்டாம்.

காயவிடும் நேரம் வீண் நேரம் இல்லை. அப்போது பேசுங்கள், தேத்தண்ணீர் குடியுங்கள். உப்பளத்துக் கதைகளையெல்லாம் என் கூட்டாளி அந்த இடைவேளைகளில்தான் சொன்னார். அடுத்த பூச்சுக்குத் தூரிகையை எடுத்தபோது எனக்கு எதிரே இருந்தவர் முன்பு இருந்தவரைவிடத் தெரிந்தவராக இருந்தார். கை அதைக் கேட்டது.

இன்னொரு விடயம், கவனமாகச் சொல்கிறேன். உங்கள் கூட்டாளி, அல்லது அவருடைய வீட்டார், முகத்தை வரைய வேண்டாம் என்று சொல்லலாம். உருவம் வரைவது மார்க்கத்துக்கு ஏற்றதா என்பதில் முஸ்லிம் வீடுகளில் பல கருத்து உண்டு. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நினைக்கும் பழைய ஆட்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். மறுபக்கத்தில், முஸ்லிமான முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், 1618இல் நோயால் எலும்பும் தோலுமாகிச் சாகக் கிடந்த தன் அரசவையாளர் இனாயத் கானை ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கும் அந்தப் படம் ஒரு மனிதரைப் பெயரோடும் வேதனையோடும் அப்படியே வைத்திருக்கிறது, நான் அறிந்த மிகப் பெரிய உருவப்படங்களில் ஒன்று. இதை உங்கள் அறிவுக்குச் சொல்கிறேன், யாருடைய மூத்தும்மாவோடும் வாதாடுவதற்கு அல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம். அப்போது அவருடைய கைகளை வரையலாமா என்று கேளுங்கள். வலை பொத்துகிற கை, பாய் பின்னுகிற கை, கணக்குக் கொப்பியைப் பிடித்திருக்கிற கை. அதற்கும் மனமில்லை என்றால் அவர் வழக்கமாக இருக்கும் கதிரையை அவர் எழுந்து போன பின் வரையுங்கள். பின்புறத்தில் அவர் பெயரை எழுதலாமா என்பதையும் கேட்டுத்தான் எழுத வேண்டும். என் கூட்டாளியின் பெயரை நான் இந்த மடலில் சொல்லவில்லை. அது தாளின் பின்னால் இருக்கிறது, அங்கே இருந்தால் போதும் என்றார்.

படத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள். போட்டிக்கு அனுப்ப ஆசையாக இருந்தால் அவரிடம் கேட்டு இரவல் வாங்குங்கள். பிறகு நீங்கள் கதிரையில் இருங்கள், தூரிகையை அவரிடம் கொடுங்கள். அவருக்கு வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அறியாதவர் பிறரை வரைவதில் ஏதோ ஒன்று குறைகிறது. உடப்புப் பிள்ளை மதுரங்குளிப் பிள்ளையை வரையட்டும். சிங்களப் பாடசாலைப் பிள்ளையோடு ஒரே பேருந்தில் போகிறீர்கள் அல்லவா, அவரையும் கேளுங்கள்.

உங்கள் சித்திர ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாடசாலை மண்டபத்தில் ஒரு சுவரை இந்தப் படங்களுக்கு ஒதுக்குங்கள். கொழும்பில் கண்காட்சி வைக்கும் யோசனை பிறகு வரட்டும், முதலில் அந்தந்த ஊர் ஆட்கள் வந்து பார்க்கட்டும். ‘கரைவலை இழுப்பவர்’, ‘கருவாட்டுப் பெண்’ என்று தலைப்பு எழுத வேண்டாம். இருந்தவரின் பெயர், வரைந்த பிள்ளையின் பெயர், இரண்டும் ஒரே அளவு எழுத்தில். அந்தச் சுவர் நிறையும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள், எந்த ஊரானாலும் வருவேன்.

ஒகஸ்ட் விடுமுறையில் தொடங்குவதானால் காற்று பலமாக இருக்கும். வெளியில் பூச்சு ஓடி முடிக்குமுன்னே காய்ந்துவிடும். காற்றுக்கு மறைவான விறாந்தையில் இருங்கள், தாளின் நாலு ஓரத்தையும் பலகையில் ஒட்டிவிடுங்கள், தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வையுங்கள். மார்கழி மழையில் என்றால் ஒவ்வொரு பூச்சும் காய வெகுநேரம் எடுக்கும், கூட்டாளிக்குச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கற்பிட்டியிலிருந்து வரைந்துகொண்டிருக்கும்
உங்கள் மூத்த கூட்டாளி